கலியபெருமாள் சொன்னதும் செய்ததும்

ஜனவரி 23, வியாழன்

தை மாதம் பத்தாம் தேதி. இன்று துறையூர் சாலையில் எங்கள் புது வீட்டில் நான் பால் காய்ச்சியிருக்க வேண்டும். போன வைகாசியில் பூமி பூஜை அன்று, கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக கான்ட்ராக்டர் கலியபெருமாள் அப்படித்தான் சொன்னார். வீட்டில் இப்போது சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது. பூச்சு இல்லை, தரை இல்லை, கதவு இல்லை, கலியபெருமாளும் இல்லை.

போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

"அண்ணி, சித்திரைக்குள்ள முடிச்சுப்புடலாங்க."

"தைக்குள்ளன்னுதானே சொன்னீங்க?"

"நானா? நான் அப்புடிச் சொல்லலையே அண்ணி."

அதற்குத்தான் இந்த நோட்டு. பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக நேரக் காப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், ஓட்டுநர் என்ன காரணம் சொன்னார் என்று எழுதிவிட்டால் அப்புறம் எவனும் வாய் திறக்க மாட்டான். இனி கலியபெருமாளுக்கும் அதே வைத்தியம். இந்த நோட்டில் அவர் சொன்னதும் செய்ததும் மட்டும் எழுதப்படும். சொந்தக் கதை, சோகக் கதை எதற்கும் இடம் கிடையாது.

கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். அ. தையல்நாயகி.

ஜனவரி 27, திங்கள்

இவர் இன்று திருச்சியில் வந்து இறங்கினார். கிரகப்பிரவேசத்துக்கென்று போட்ட லீவை, அது தள்ளிப்போனதும் நாலு நாள் தள்ளி வைத்துக்கொண்டு வந்தவர் என்பதால் இதுவும் கட்டடம் சம்பந்தப்பட்ட விஷயம்தான். எழுதலாம்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் அருணகிரி. ஓமானில் பாலைவனத்து எண்ணெய் முகாம் ஒன்றில் இருபத்துநாலு வருடமாகச் சமையல்காரர். நானூறு பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறவர். வருடத்துக்கு ஒரு நடை, நாற்பது நாள் லீவு. கூட்டிப் பார்த்தால் நாங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று வருடம்கூடத் தேறாது. அதற்குள் மகள் இளவெயினி பிறந்து, படித்து, ஓசூரில் வேலைக்கும் போய்விட்டாள்.

பெட்டியை வாடகை வீட்டில் வைத்த கையோடு கட்டடத்தைப் பார்க்கக் கூட்டிப் போனேன். ஆறடி ஒரு அங்குல ஆள். கூடத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். மின்சாரப் பெட்டி, நாளைக்குக் கதவு வந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் இடத்தில் இருந்தது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அது கம்பியில் இடித்துப் பாதியிலேயே நின்றது. நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்தில்தான்.

"பரவால்ல நாயகி. நமக்குன்னு ஒரு கூர வந்துருச்சுல்ல?" என்றார்.

இவரிடம் சண்டை போடுவதும் தலையணையைக் குத்துவதும் ஒன்று.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலை நடக்கவில்லை. காரணம்: சின்னையன் கொத்தனார் தன் மகனுக்குப் பெண் பார்க்க அரியலூர் போயிருக்கிறாராம்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேலை நடக்கவில்லை. காரணம்: பெண் பார்க்க விருத்தாசலம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சின்னையன் வந்தார். கூடத்துச் சுவரைப் பூசினார். தொழுதூரில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே பூசியதில், சுவருக்கு நடுவில் ஆறு மாதக் கர்ப்பம் போல ஒரு புடைப்பு. நான் சொந்தமாக ஒரு ரசமட்டம் வாங்கி வைத்திருக்கிறேன். சுவரில் வைத்துப் பார்த்தால் உள்ளேயிருக்கும் குமிழி ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

கலியபெருமாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரைப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"பெயிண்ட் அடிச்சா தெரியாதுங்க அண்ணி."

"சுவரு துருத்திக்கிட்டு நிக்குது. பெயிண்ட் அடிச்சா உள்ள போயிருமா?"

"அப்ப சோபாவ அந்தப் பக்கம் போட்டுருங்க."

இடித்துப் பூசச் சொல்லியிருக்கிறேன். அவர் பேசப் பேச நான் எழுதுவதைப் பார்த்து, "எல்லாத்தையுமா எழுதுறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது.

பிப்ரவரி 20, வியாழன்

எனக்கு இந்த வாரம் காலை ஐந்து மணி ஷிப்ட். முகாமில் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிற பழக்கத்தில் இவருக்கு மூன்று மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. நான் எழும்போது டீ தயாராக இருக்கிறது. டீயைக் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு, பேருந்து நிலையம் வரைக்கும் கூடவே நடந்து வருகிறார். வழியில் பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. நாய் குரைத்தால் எனக்கும் நாய்க்கும் நடுவில் வந்துகொள்கிறார்.

இதில் கலியபெருமாள் எங்கே வருகிறார்? இந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும்.

மார்ச் 5, புதன்

லீவு முடிகிறது. வீடு முடியவில்லை. முகாம் மேனேஜர் போனில் கத்துவது எனக்கே கேட்டது. இவர் ஒரு வழியாகப் பேசிச் சம்பளமில்லாத லீவாக நீட்டிக்கொண்டார்.

"எத்தனை நாளைக்கு நீட்டலாம்?" என்று கேட்டேன்.

"ஆறு மாசம் நாட்டுக்கு வெளியில இருக்கலாம் நாயகி. அதுக்கு மேல போனா விசா செத்துரும். ஜூலை இருபத்தாறு கெடு. அதுக்குள்ள பால் காய்ச்சுறதப் பாத்துட்டுக் கெளம்பிருவேன். அதப் பாக்காம நான் போறதா இல்ல."

மாசி, பங்குனியில் குடி போகக் கூடாது. சித்திரை, வைகாசியில் போகலாம். ஆனி, ஆடி கூடாது. ஆவணியில் போகலாம். ஆவணி பிறப்பது ஆகஸ்டு நடுவில். ஆக, வைகாசியைத் தவறவிட்டால் இவர் வீட்டைப் பார்க்காமல் போக வேண்டும், இல்லையென்றால் விசாவை விட வேண்டும். கலியபெருமாளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: வைகாசிக்கு ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது.

"தாண்டாதுங்க அண்ணி. எழுதிக்குங்க," என்றார். எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

குளியலறைக்குத் தரை போட்டார்கள். காய்ந்தபின் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, மூலையில் இருக்கும் துளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டது. குளிக்கிற தண்ணீரில் கூடத்தையும் கழுவிக்கொள்ளலாம் என்று கலியபெருமாள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் மற்றதைவிட இரண்டு அங்குலம் குட்டை. ஏறுகிற எல்லாரும் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை கும்பிடு போடுவது போலக் குனிகிறார்கள். இரண்டையும் இடிக்க வேண்டும். ஆள்தான் வரவில்லை. காரணம்: பெண் பார்க்க, லால்குடி. அந்தப் பையனுக்கு என்னதான் குறையோ.

ஏப்ரல் 9, புதன்

இவர் இன்று ஒரு காரியம் செய்தார்.

வேலையிடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது இவருக்கு ஒத்துவரவில்லை. மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, வாடகைப் பாத்திரக் கடையில் ஒரு அண்டா வாங்கி, சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருக்கிறார். வந்திருந்த வேலையாட்கள் நாலு பேர். இவருக்கு நாலு பேருக்கு அளவு தெரியாது. நாற்பது பேருக்கு ஆகியிருந்தது.

ஷிப்ட் முடிந்து ஒன்றரைக்கு நான் போனால், பக்கத்து மனைக் கொத்தனார்கள், போர் போட வந்தவர்கள், தபால்காரர் உட்பட எல்லார் கையிலும் வாழையிலை. சின்னையன் மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு என்னங்கண்ணே?" என்று கேட்டார்.

"பருப்பு உருண்டக் கொழம்பு," என்றார் இவர்.

"அப்ப நாளைக்கு வந்துர்றங்க."

ஏப்ரல் 10, வியாழன்

சின்னையன் காலை எட்டு மணிக்கு வந்தார். கூடவே ஏழு பேர்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு வாரமாக ஒருவரும் லீவு போடவில்லை. பெண் பார்க்கும் படலம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. பதினோரு தடவை அடித்தாலும் போனை எடுக்காத கலியபெருமாள் தினமும் பன்னிரண்டே முக்காலுக்குத் தவறாமல் ஆஜராகிறார். படி சரியாகிவிட்டது. குளியலறைத் தரையை இடித்து மறுபடி போட்டுவிட்டார்கள். தண்ணீர் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. சுவரில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது. இவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாராம். சுவர் கோணினால் இரண்டாம் முறை பரிமாற மாட்டாராம்.

"இந்தப் போக்குல போனா வைகாசிக்கு முன்னாடியே முடிஞ்சுருங்க அண்ணி," என்றார் கலியபெருமாள், நான் பாராட்டுவேன் என்று நினைத்து.

"இப்படி அவசர அவசரமாச் செஞ்சா வேலை எப்படிச் சுத்தமா இருக்கும்?" என்று கேட்டுவிட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மே 5, திங்கள்

முகூர்த்தம் குறித்தாயிற்று. வைகாசி 25, ஜூன் 8, ஞாயிறு. இவர் விமான டிக்கெட் போட்டுவிட்டார். ஜூன் 20, வெள்ளி. இன்னும் இரண்டு வருட ஒப்பந்தமாம்.

சிமெண்ட் பத்து மூட்டை வந்து இறங்கியது.

மே 6, செவ்வாய்

சேலம் வண்டி இருபது நிமிடம் தாமதம். ஓட்டுநர் காரணம் சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் விடுங்க, என்ன அவசரம்?" என்றேன். அவர் பயந்துபோய் எனக்கு உடம்புக்கு என்னவென்று பக்கத்து கவுன்டரில் விசாரித்தாராம்.

மே 12, திங்கள்

கூடத்தில் டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்டார்கள். சரியாக ஒட்டாத டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக இருக்கும் சத்தம் கேட்கும். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு மண்டி போட்டு நூற்று நாற்பத்து நாலு டைல்ஸையும் தட்டினேன். நாலு டைல்ஸில் சத்தம் சரியில்லை. பெயர்க்கச் சொன்னேன்.

கலியபெருமாளும் மண்டி போட்டுத் தட்டினார். காதைத் தரையில் வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது அண்ணி."

"எனக்குக் கேக்குது."

"ஒங்க காதுல ஏதோ..."

"பெயர்க்கப் போறீங்களா இல்லையா?"

பெயர்த்தார்கள். நாலும் உடும்புப் பிடியாகத்தான் இருந்தன. உடைத்து எடுக்கவே அரை நாள் ஆனது. சின்னையனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், அவர் வாழ்க்கையிலேயே மிக நன்றாக ஒட்டிய டைல்ஸ் அவைதானாம். பிறகு, மாடி அறையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அதையும் மாற்ற வேண்டும். நாள் பிடிக்கும்தான். என்ன செய்வது? தரம் முக்கியம்.

மாலையில் இவர் எனக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டார்.

மே 16, வெள்ளி

இளவெயினி போன் செய்தாள்.

"அம்மா, அப்பா போறதுல ஒனக்கு இஷ்டமா?"

"அவர் வேலை, அவர் முடிவு. நான் என்ன சொல்ல?"

"நீ வாயத் தொறந்து கேட்டியா?"

"எனக்கு வேலை கெடக்குடி."

"அவரும் இப்படித்தான் நழுவுறாரு. அம்மாவுக்குத் தனியா இருந்து பழகிப்போச்சு, நடுவுல நான் எதுக்கு எடஞ்சலா இருக்கணும்ங்கிறாரு. ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசறத ஒருத்தருக்கொருத்தர் பேசுனா எனக்கு ரீசார்ஜ் மிச்சம்."

குழாய் பொருத்துபவர் வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன். இடைஞ்சலாம். காலையில் டீ போட்டுத் தருகிறவரை யாராவது இடைஞ்சல் என்று சொல்வார்களா? இதை அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் புரியவில்லை. நாற்பது நாள் லீவில் வந்தவரை ஒவ்வொரு தடவையும் சிரித்த முகத்தோடு வழியனுப்பியே பழகிவிட்டது. போகாதீர்கள் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொன்னால், அவர் போக வேண்டியிருக்கும்போது இன்னும் கஷ்டமாகிவிடும் அல்லவா.

நாலு அங்குலக் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள்.

மே 20, செவ்வாய்

சமையலறை மேடை கட்டப் போகிறார்கள். அளவு கேட்க கலியபெருமாள் பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"வழக்கமா ரெண்டடி எட்டு அங்குலம் வைப்போம். நீங்க கொஞ்சம் உயரம் கம்மி. ரெண்டரை அடி வெச்சுரட்டுங்களா அண்ணி?"

"மூணடி ரெண்டு அங்குலம்."

என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். நான் நாலடி பதினோரு அங்குலம்.

"அண்ணி, மூணடி ரெண்டுன்னா ஒங்க நெஞ்சுக்கு வரும்ங்க."

"தெரியும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கிரானைட் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது."

"சொன்னதச் செய்ங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

அவருக்கு என்ன புரிந்ததோ, "சரிங்க அண்ணி" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். சமையலறை மேடை உயரம்: மூன்றடி இரண்டு அங்குலம். நான் சொன்னது. வேறு விளக்கம் இங்கே தேவையில்லை.

மே 28, புதன்

இன்று நடந்த எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று குழாய்களைச் சரிபார்க்கப் போனபோது, இந்த நோட்டை வேலையிடத்து ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று காலை கிரானைட் போட்டு முடித்தார்கள். மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்த இவர் சமையலறைக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டாராம். அதுவரை யாரையும் அதட்டியறியாத மனிதர் கலியபெருமாளைப் பிடித்துக்கொண்டார். நடந்ததை எனக்குச் சொன்னது சின்னையன்.

"என்னய்யா இது? எம் பொண்டாட்டி ஏணி போட்டா சமைப்பா? இருபத்துநாலு வருசம் கழிச்சு அவளுக்குன்னு ஒரு அடுப்படி கட்டுனா அதுலயும் கோளாறா? இடி இத!"

"அண்ணே, இது நான் பண்ணுன தப்பு இல்லண்ணே."

"பெயிண்ட் அடிச்சா தெரியாதும்பியா?"

"அண்ணிதாண்ணே அளவு சொன்னாங்க."

"பொய் சொல்லாத கலியபெருமாளு. நாலடி பதினொண்ணு இருக்கிறவ மூணடி ரெண்டு கேப்பாளா?"

நாலு மாதமாக எந்த நோட்டைக் கண்டால் ஓடினாரோ, அந்த நோட்டைக் கலியபெருமாளே ஜன்னலிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். "இதுல இருக்கும்ண்ணே. அண்ணி எதையும் விட மாட்டாங்க. மே இருபது பாருங்க."

ஷிப்ட் முடிந்து ஒன்றரைக்கு நான் போனேன். அண்டாவில் ரசம் கொதித்து வழிந்துகொண்டிருந்தது, கிளற ஆளில்லை. இவர் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். மே இருபதை அல்ல. ஜனவரியிலிருந்து.

எனக்கு அப்படியே திரும்பிப் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது.

தலையைத் தூக்கினார். "பிப்ரவரி இருபதுல ஒரு பத்திய அடிக்கணும்னு எழுதியிருக்க. அடிக்கவே இல்லையே?"

"மறந்துட்டேன்."

"நீயா?"

நான் அடுப்பிலிருந்து ஒரு விறகை வெளியே இழுத்தேன்.

"டைல்ஸ எதுக்குப் பேத்த?"

"சத்தம் சரியில்ல."

"நாயகி."

"வைகாசி தாண்டட்டும்னு பேத்தேன். போதுமா?"

சின்னையன் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கலியபெருமாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இவர் எழுந்து சமையலறைக்குள் போனார். பின்னாலேயே போனேன். மேடைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கிரானைட்டின் மேல் வைத்தார். குனியவில்லை, எக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அவருக்குப் பொருந்தியது.

"முகாம்ல மேடையெல்லாம் குள்ளமா இருக்கும். இருபத்துநாலு வருசமும் குனிஞ்சேதான் வேல பாத்தேன். இடுப்பு வலின்னு ஒங்கிட்டச் சொன்னதே இல்லையே."

"தைலம் எடுக்கும்போது ரெண்டு தடவ தேய்க்கிறீங்க. ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒங்களுக்கு. எனக்குக் கண்ணு இல்லையா?"

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "போகாதீங்க. எனக்குத் தனியா இருந்து பழகல. யாரு சொன்னா பழகிப்போச்சுன்னு? இருபத்துநாலு வருசமா பழகவே இல்ல. நீங்க வேணும் எனக்கு. இருங்க."

வேலையாட்கள் அத்தனை பேரும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்டால் கேட்கட்டும்.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வார்த்த கேக்க மாட்டியான்னுதான் மார்ச்சுலருந்து லீவ நீட்டிக்கிட்டே கெடந்தேன். நீ வைகாசிக்கு ஒரு நாள் தாண்டக் கூடாதுன்னு அந்த ஆளப் போட்டு வெரட்டுன. சரி, நம்மள அனுப்பி வெக்கத்தான் அவசரப்படுறான்னு நெனச்சு, நானே சோறு போட்டு வேலய வாங்குனேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. அப்போது கலியபெருமாள் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, மேடைய இடிக்கணுமா, வேணாமா?"

"கை வெச்சீன்னா பாரு," என்றார் இவர்.

"அண்ணி நின்னு சமைக்க ஒரு பலகை வேணா அடிச்சுத் தரச் சொல்லட்டுங்களா?"

"நான் எதுக்குச் சமைக்கப் போறேன்?" என்றேன்.

மாலையிலேயே டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். மேனேஜர் போனில் கத்தினார். இந்தத் தடவை கேட்க இனிமையாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பால் பொங்கியது.

கலியபெருமாள் சொன்ன தேதியில் முடிந்த முதல் காரியம் இதுதான். முழுக்க முடிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. மொட்டைமாடிக் கதவு நேற்று மாலைதான் வந்தது, தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. ஹோமப் புகைக்காக மின்விசிறியைப் போட்டால் வாசல் விளக்கு எரிகிறது. அழைப்பு மணியை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது. ஐயர் இரண்டு தடவை எழுந்து போய் வாசலில் மணி அடித்துவிட்டு வந்து மந்திரத்தைத் தொடர்ந்தார்.

வீடு கட்டியவர்களுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கம். கலியபெருமாளுக்கு ஒரு நூல்கூடக் கொடுக்க மாட்டேன் என்று மாசி மாதத்தில் இளவெயினியிடம் சபதம் போட்டிருந்தேன். தட்டை நானே எடுத்துக் கொடுத்தேன், மயில்கண் கரை போட்ட வேட்டி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தன வருசத்துல இப்பதாங்க அண்ணி எனக்குத் திட்டோட வேட்டியும் கெடைக்குது. மத்தவங்கள்ளாம் திட்டோட நிறுத்திப்பாங்க."

சின்னையன் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டதாம். பக்கத்து மனையில் போர் போட வந்தவருடைய மகள். எங்கள் வீட்டு இலையில் உட்கார்ந்துதான் பேசி முடித்தார்களாம். ஆவணியில் கல்யாணம், சமையல் இவர்தான் என்று இவரைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். இவருக்கு முகமெல்லாம் பல்.

ஜூன் 20, வெள்ளி

மஸ்கட் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியதாக இளவெயினி போனில் பார்த்துச் சொன்னாள். அந்த நேரத்துக்கு இவர் மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்.

ஜூலை 26, சனி

இன்று விசாவின் கடைசி நாள். காலையிலிருந்து நான் நாலு தடவை நாள்காட்டியைப் பார்த்தேன். இவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு உப்பு தேடினேன். காணவில்லை. மிளகாய்த்தூள், புளி, சர்க்கரை, எதுவும் நான் வைத்த இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து, துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, மேல் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஆறடி ஆளுக்கு மட்டும் எட்டுகிற உயரம்.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?" என்றேன்.

"அடுப்படி என்னோடதுன்னு நீதானே சொன்ன?"

"உப்பும்கூட ஒங்களோடதா? இந்த வீட்டுல நான் ஒரு வாய் மோர் குடிக்கணும்னா ஒங்கள எழுப்பிக் கேக்கணுமா?"

"நீ மட்டும்? என் சட்டையெல்லாம் கெழம வாரியா மடிச்சு வெச்சிருக்க. வியாழக்கிழம சட்டைய புதன்கிழம போட்டா மொறைக்கிற. இது வீடா, பஸ் ஸ்டாண்டா?"

அவ்வளவுதான். நான் பிடித்துக்கொண்டேன், அவரும் விடவில்லை. குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பார்க்க வந்த கலியபெருமாள் வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே ஒரு காது கொடுத்தார், மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் திங்கக்கெழம வர்றங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினார்.

கத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது: கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எங்களுக்குள் இதுதான் முதல் சண்டை. நாற்பது நாளைக்கு வந்தவரிடம் யாராவது சண்டை போட்டு நாளை வீணாக்குவார்களா? பிடிக்காததை எல்லாம் முழுங்கிக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெட்டி கட்டிக் கொடுப்பேன். அவரும் அப்படித்தான் முழுங்கியிருப்பார். அத்தனையும் இன்று ஒரே மூச்சாக வெளியே வந்தது. உள்ளுக்குள் இவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் திட்டியதே இல்லை.

ஒன்றரை மணி வாக்கில் அவர் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்தார்.

"பசிக்குது நாயகி. மீதிய நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"சரி, நாளைக்கு," என்றேன்.